முதலாளிக்குப் பின்னால் நின்றவர்

அன்று அந்த லாட்ஜில் இருந்தவர்களைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். முதலாளி, சமையல்காரர் தாணு அண்ணாச்சி, கொச்சியிலிருந்து வந்த யூத வியாபாரிகள் ஆறு பேர், அவர்களுக்கு வேதம் சொல்லிக்கொடுத்த கிழவர், ரிஜிஸ்தர் எழுதும் நான். ஆகப் பத்துப் பேர். (இதில் முட்டாள்கள் எத்தனை என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.)

கன்னியாகுமரியில் எனக்கு அந்த வேலை கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவனை நாற்காலியில் உட்காரவைத்திருந்தார் முதலாளி. பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான்: அவர் தலை தெரிந்ததும் அந்த நாற்காலி காலியாக வேண்டும். செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்துவிடுவேன். (பல தடவை அது தெருவில் போகிற மாட்டின் குளம்பு.)

கொச்சிக்காரர்கள் வந்திறங்கியபோது, "பெரியவருக்கப் பேரு?" என்று கேட்டேன்.

"குருவின் பேரை நாங்கள் வாயால் சொல்வதில்லை" என்றார் அவர்களில் மூத்தவர்.

நம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள், தெரியும். ஆறு ஆண்கள் சேர்ந்து ஒரு பெயரை விழுங்கியதை அன்றுதான் பார்த்தேன். 'குரு, கொச்சி' என்று எழுதிவைத்தேன். அந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால் போலீசுக்கு என்ன பெயர் சொல்வது? இரவெல்லாம் தூக்கமில்லை.

மறுநாள் காலை, ஆறு பேரும் கூடத்தில் உட்கார்ந்து சொந்தப் பாத்திரத்தில் காய்ச்சிய காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி உள்ளே வந்தார். ஆறு பேரும் சட்டென்று எழுந்தார்கள். முதலாளிக்கு முகமெல்லாம் பல்.

"இரிங்க, இரிங்க. எனக்கு இதொண்ணும் பிடிக்காது, கேட்டியளா" என்றவர் என் பக்கம் திரும்பி, "பாத்தியாலே? கொச்சிக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு நாம ஆருன்னு" என்றார்.

அவருக்குப் பின்னால் வாசற்படியில் கிழவர் நின்றிருந்தார். நான் ரிஜிஸ்தருக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

கிழவர் தன் அறைக்குப் போனார். அரை மணி கழித்து வெளியே வந்தவர் கூடத்தை எட்டிப் பார்த்தார். உள்ளே அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உடனே திரும்பி, பூனை மாதிரி அடுக்களைக்குள் நுழைந்து பின்வாசல் வழியாகக் கடற்கரைக்கு இறங்கிவிட்டார்.

"அண்ணாச்சி, பேரில்லாத மனுசன் ஒளிஞ்சு ஒளிஞ்சு கடலுக்குப் போனா என்ன அர்த்தம்?"

"வெளிக்கிருக்கப் போறாருன்னு அர்த்தம்" என்றார் தாணு அண்ணாச்சி, தேங்காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் ஓடினேன். கிழவர் கணுக்காலளவுத் தண்ணீரில் நின்றார். "சாகாதேயும் பாட்டா!" என்று அலறி, பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப்பிடித்தேன். இரண்டு பேரும் விழுந்தோம். அவருடைய தொப்பியை அலை கொண்டுபோயிற்று.

அலறலைக் கேட்டு எல்லாரும் வந்துவிட்டார்கள். பெயரைக்கூடச் சொல்லத் துணியாத சீடர்கள், குரு மணலில் உருண்டு கிடப்பதைப் பார்த்து உறைந்துபோனார்கள். கிழவர்தான் மண்ணைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"மோனே" என்று மலையாளத்தில் சொன்னார், "நான் கூடத்தைக் கடந்தால், கண்ணுக்கு மறையும்வரை இவர்கள் எழுந்து நிற்க வேண்டும். எங்கள் மார்க்கத்தில் அப்படி. சாப்பிடுகிறவர்களை எதற்கு எழுப்ப வேண்டும்? அதுதான் பின்வழியாக வந்தேன்."

முதலாளியின் முகம் சுருங்கியது. "லேய், அப்பம் காலையில எந்திரிச்சது ஆருக்கு?"

ஒரு பொய் சொல்லியிருந்தால் வேலை தப்பியிருக்கும். பதறினால் எனக்குப் பொய் வராது. "ஒமக்கில்ல முதலாளி. ஒமக்குப் பொறத்தால நின்ன பாட்டாவுக்கு."

தாணு அண்ணாச்சி வெடித்துச் சிரித்தார். மத்தியானச் சோற்றுக்கு முன் என் வேலை போயிற்று. சிரித்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. (ரிஜிஸ்தர் எழுத ஆயிரம் பேர் கிடைப்பார்கள், அவியல் வைக்க?)

இன்றைக்கும் நான் வீட்டுக்குள் நுழையும்போது தற்செயலாக யாராவது எழுந்துவிட்டால் போதும், என் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "அவருக்குப் பொறத்தால ஆரு மக்கா வாறது?"

நானும் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.