கரடி ருசி பார்த்த நாவல்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது எங்கள் சபை ஞானசெல்வம் அக்கா. போன லெந்து நோன்பு நாட்களில், பெண்கள் ஜெபக்கூட்டம் முடிந்து எல்லாரும் சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். அவள் போகிற வாசகர் வட்டத்தில் ஏதோ ஒரு புத்தகத்தால் சண்டை வந்து, இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த சமயம் அது. அக்கா சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

ஒரு காட்டில் இருந்த மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் வாசிப்பு என்றால் உயிர். அங்கே ஒரு சட்டம் உண்டு. நாவல் எழுதியவருக்கு மழைக்காலம் முழுவதும் ஆலமரத்துப் பொந்து. சிறுகதை எழுதியவருக்குக் கிளை மட்டும். கவிதை எழுதியவர் எங்கே வேண்டுமானாலும் நனைந்துகொள்ளலாம்.

அந்தக் காட்டில் ஒரு மைனாவுக்கு வயிற்றில் முட்டை. மழையோ மலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டது. பொந்து கிடைக்காவிட்டால் முட்டைகளைக் கிளையில்தான் இட வேண்டும். ஒரு காற்று போதும், எல்லாம் தரைக்கு வந்துவிடும். மைனா மூச்சு விடாமல் தேக்கிலைகளில் எழுதியது. கொடியில் கோத்து, "இது நாவல்" என்று வாசகர் வட்டத்தின் முன் வைத்தது.

படித்தவர்கள் விழித்தார்கள். ஒரு கதையில் தவளைக்குக் கல்யாணம். அடுத்ததில் தவளையே இல்லை, ஒரு பாறை வெயில் காய்கிறது. இன்னொன்றில் எறும்புகள் வழி தவறிப் போகின்றன. யாரோ மனிதன் விட்டுப்போன ஒற்றைச் செருப்பு மட்டும் எல்லாக் கதையிலும் ஓரமாக வந்து போகும். எந்த இலையிலிருந்து வேண்டுமானாலும் படிக்கலாம் என்று மைனா எழுதியிருந்தது.

வட்டத்தின் தலைவர் மயில் கொதித்துப்போனது. "இதென்ன அநியாயம்! கடைசி இலைவரை காத்திருந்தேன். இன்னொரு செருப்பு வரவே இல்லையே!"

"வராததுதானே அழகு, அண்ணாச்சி" என்றது மிளா மான். அது படித்துப் படித்து அழுது கண் வீங்கியிருந்தது. "செருப்பைத் தொலைச்சவனுக்குத்தான் அந்தத் துக்கம் தெரியும்."

"உனக்கு இருக்கிறது குளம்பு. உனக்கெதுக்கு செருப்புத் துக்கம்?"

"உங்களுக்கு நீளமா தோகை இருக்குன்னா, எழுதுறதுக்கெல்லாம் வால் இருக்கணுமாக்கும்?"

கூட்டம் சிரித்தது. மயிலுக்கு முகம் சிறுத்தது. நாவல்தான் என்று பாதிப் பேர், நாவலே இல்லை என்று பாதிப் பேர். வாக்கு எடுத்தார்கள். சரிசமம்.

மைனா பொந்தைப் பார்த்தது, வானத்தைப் பார்த்தது. தூறல் போட ஆரம்பித்திருந்தது.

அப்போதுதான் கரடி வந்து சேர்ந்தது. "இன்று மாலை நாவல்! அனைவரும் வருக!" என்று கிளி ஒலிபெருக்கியில் கத்தியது அதன் காதில் விழுந்திருந்தது. ஓடையில் வாய் கொப்பளித்துவிட்டு, முன்வரிசையில் சப்பணமிட்டு உட்கார்ந்தது. வாக்கு சொல்லாதவர் அது ஒருவர்தான் என்பதால் தீர்ப்பு அதன் கையில் வந்தது.

"கரடியார் கருத்து?" என்றது மயில்.

"இன்னும் பரிமாறலையா?" என்றது கரடி.

மயில் துள்ளிவிட்டது. "கேட்டீர்களா! வாசகனுக்கு எதையுமே பரிமாறாத படைப்பு! ஒரே வரியில் சொல்லிவிட்டார்!"

"உள்ள கொட்டை இருக்குமில்ல?" என்று கரடி கவலையோடு கேட்டது.

"இல்லை ஐயா! அதைத்தான் நானும் கரடியாகக் கத்துகிறேன். மன்னிக்கணும். நடுவில் கெட்டியாக ஒன்றுமே இல்லை!"

"கொட்டையைத் துப்பிட்டுத்தானே எல்லாரும் திங்கிறாங்க?" என்றது மிளா.

"அதுவும் சரிதான்" என்று தலையாட்டியது கரடி.

யாருக்கும் புரியவில்லை. மைனாவுக்குப் புரிந்துவிட்டது. கரடி நாவல் பழத்துக்கு வந்திருக்கிறது! மைனா எழுதின மையோ முழுக்க நாவல் பழச்சாறு. கரடியின் மூக்கு ஏற்கெனவே இலைக்கட்டின் பக்கம் திரும்பியிருந்தது.

மைனா ஒரு நிமிஷம் தயங்கியது. வேறு பிரதி கிடையாது. ஆனால் வயிற்றுக்குள் முட்டை புரண்டது. பிள்ளை பெறப் போகிறவளிடம் போய் இலக்கியமா பொந்தா என்று கேட்க முடியுமா? இலைக்கட்டைக் கரடியின் முன்னால் தள்ளி வைத்தது.

"ருசி பார்த்துட்டே சொல்லுங்க, மாமா."

கரடி தவளைக் கல்யாணத்தை நக்கியது. நாக்கு ஊதாவானது. பாறையை வாயில் போட்டு மென்றது. பிறகு எறும்புகள். எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம் என்பதால் அதற்குச் சிரமமே இல்லை. கொடியையும் சேர்த்து விழுங்கிவிட்டு, எல்லாருக்கும் நாக்கை நீட்டிக் காட்டியது.

"நாவல்தான். சந்தேகமே வேண்டாம். கொஞ்சம் உதிரி, அவ்வளவுதான்."

தீர்ப்பு தீர்ப்புதான். மைனாவுக்குப் பொந்து கிடைத்தது. இனி யாரும் படிக்க முடியாது என்று ஆனதும் அந்த நாவலுக்கு வந்த மரியாதையைச் சொல்லி முடியாது. திட்டினவர்களே அதற்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். மயில் தலைமையுரை ஆற்றியது.

பெருமழையில் ஒரு நாள் மயில் தோகை சொட்டச் சொட்டப் பொந்துக்குக் கீழே வந்து ஒதுங்கியது. "மைனாம்மா, உள்ளே என்ன விசேஷம்?"

"நாலு முட்டை, அண்ணாச்சி."

"நாலுக்கும் தொடர்பு உண்டா?"

"இப்போ ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்கிட்டுக் கிடக்கு. பொரிஞ்சா ஆளுக்கொரு திசையில போயிரும். கூடு ஒண்ணுதான்."

மயில் தோகையை ஒரு உதறு உதறியது. "அப்படியென்றால் இதுவும் நாவல்தான் போல" என்று முணுமுணுத்துக்கொண்டே மழைக்குள் நடந்தது.

நீதி: நாவலா இல்லையா என்று படித்தவரைக் கேட்டால் சண்டைதான் மிஞ்சும், தின்றவரைக் கேட்டால் வீடு கிடைக்கும்.

உங்கள் வீட்டுப் பக்கத்து மரத்தில் ஏதாவது பொந்து இருந்தால், தயவுசெய்து அதை அடைத்துவிடாதீர்கள்.