ஆயிரம் பிரஷ்ஷும் ஒரு கடைவாய்ப் பல்லும்

"நான் ஓவியன் ஆகப் போறேன்!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், காபி தம்ளரை மேஜைமேல் 'ணங்'கென்று வைத்துவிட்டு அறிவித்தேன். என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூடத் தூக்கவில்லை.

"எந்தச் சுவருங்க?"

"சுவரா?"

"எதையோ கிறுக்கப் போறீங்கன்னு தெரியுது. எந்தச் சுவர்னு சொன்னா பீரோவை அந்தப் பக்கம் நகர்த்தி மறைச்சிடுவேன்."

"சுவரெல்லாம் இல்லம்மா. கம்ப்யூட்டர்ல வரையறது. டிஜிட்டல் ஓவியம்! சாயம் சிந்தாது, துணி கெடாது, வாடை வராது."

"படம் வருமா?"

இப்படித்தான் என் கலை வாழ்வு ஆசீர்வதிக்கப்பட்டது.

நான் ஒரு அச்சகத்தில் மருந்துப் பெட்டிகளுக்கு அட்டை வடிவமைக்கிறவன். தலைவலி மாத்திரைக்கு நீலக் கோடு, வயிற்றுவலி மாத்திரைக்குப் பச்சைக் கோடு. அதற்கு மேல் கற்பனைக்கு அங்கே அனுமதி கிடையாது. ஒருமுறை ஆர்வக்கோளாறில் இருமல் மருந்துப் பெட்டியின் மூலையில் ஒரு சின்னப் பறவையை வரைந்து வைத்தேன். "இதைக் குடிச்சா ஆளு பறந்துடுவான்னு ஜனங்க நினைக்கவா?" என்று முதலாளி அந்தப் பறவையை அங்கேயே சுட்டு வீழ்த்தினார்.

நான் வரைய வேண்டும் என்று ஆசைப்பட்டதெல்லாம் ஒரே ஒரு டிராகன். மலை உச்சியில் கோட்டை, கோட்டைமேல் டிராகன், டிராகன் வாயில் நெருப்பு. எந்த முதலாளியும் சுட முடியாத உயரத்தில்.

அதற்கான சாமான்களை விற்கும் இணையதளம் ஒன்றைக் கண்டுபிடித்துச் சந்தா கட்டினேன். உள்ளே போனால் கடல்! மேகம் மட்டும் ஒரு ஃபோல்டர். பாசி பிடித்த கல் தனி, பிடிக்காத கல் தனி. உடைந்த கோட்டை, உடையாத கோட்டை, உடையலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் கோட்டை. கம்ப்யூட்டரில் கோடு போடுகிற பிரஷ் மட்டும் ஆயிரக்கணக்கில். விவரம் தெரிந்தவன் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருப்பான். நான் கீழே இருந்த 'மொத்தத்தையும் இறக்கு' என்ற பட்டனை அழுத்தினேன்.

அது இறங்கியது. இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. பதிவிறக்கத்தில் இறக்கம் இருக்கிறதே தவிர, இரக்கம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. 'இன்னும் மூன்று மணி நேரம்' என்று காட்டும். சந்தோஷமாக முகம் கழுவிவிட்டு வந்தால் 'இன்னும் ஆறு நாள்' என்று காட்டும். மொத்தத்தையும் பல பகுதிகளாக வெட்டி வைத்திருந்தார்கள். ஒரு பகுதி பாதியில் நின்றால் அது மறுபடி முதலிலிருந்து. கடைசிப் பகுதி வரை வந்து சேர்ந்தால்தான் எதையுமே திறக்க முடியும். இடம் போதாமல் கம்ப்யூட்டரில் இருந்த என் பழைய கோப்புகளையெல்லாம் அழித்தேன். வேலைக்கு விண்ணப்பம் போட்ட காலத்து என் புகைப்படமும் அதில் போயிற்று. அதில் எனக்கு முடி இருந்தது. கலைக்காக எதையும் இழக்கலாம்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. நான் கையை எடுத்தால் கம்ப்யூட்டர் தூங்கிவிடும். அது தூங்கினால் இறக்கமும் நின்றுவிடும். அதனால் பக்கத்திலேயே உட்கார்ந்து மவுஸை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டினால் தூங்குகிற குழந்தையைப் பார்த்திருக்கிறேன். ஆட்டினால் விழித்திருக்கும் குழந்தை இது ஒன்றுதான். பகலெல்லாம் அச்சகம், ஆக, எனக்கு ஆட்ட வாய்த்த நேரம் சாயங்காலம்.

சாயங்காலம்தான் என் மனைவி அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வீடியோவில் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் நடத்துகிற நேரமும்.

முதல் வாரமே அவள் அறையிலிருந்து வெளியே வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்னங்க, நெட்டு என்னாச்சு? பின்னம் சொல்லிக் கொடுத்துட்டிருக்கேன், என் முகம் அப்படியே நின்னுடுச்சாம். வாய் திறந்தபடியே! ஒரு பொண்ணு சொல்றா, 'டீச்சர், நீங்க கொட்டாவி விடற மாதிரியே இருக்கீங்க'ன்னு. ரெண்டு பேரோட அம்மா வேற டீச்சர் பார்க்கலாமான்னு யோசிக்கிறாங்க."

கணக்கு வகுப்பு அவளுக்கு உயிர். நான் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தச் சமயம் மேகம் முக்கால்வாசி இறங்கியிருந்தது. நிறுத்தினால் மறுபடி முதல் துளியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"யாரோ நம்ம வைஃபையைத் திருடறாங்கம்மா" என்றேன்.

"யாரு?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. திருடனை உண்டாக்கிய அவசரத்தில் அவனுக்கு முகம் வைக்க மறந்துவிட்டேன். கண் தானாக மேலே போனது. மேலே மாடி. மாடியில் பல் டாக்டர் குடியிருக்கிறார். போன மழையில் அவர் வீட்டு லைன் அறுந்தபோது எங்கள் வீட்டு பாஸ்வேர்டை அவருக்குக் கொடுத்திருந்தோம்.

"மாடி டாக்டர்!" என்றேன்.

"சேச்சே! அவர் எவ்வளவு தங்கமான மனுஷன்!"

"பல்லைப் பிடுங்கறவருக்கு லைனைப் பிடுங்க எவ்வளவு நேரம் ஆகும்?"

சிலேடை நன்றாக வந்துவிட்ட பெருமையில் நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எங்கம்மா?"

"மாடிக்கு. நேரா கேட்டுடறேன்."

"வேண்டாம்! அக்கம்பக்கத்துல மனஸ்தாபம்..."

அவள் படியேறும் சத்தம்தான் பதிலாக வந்தது. நான் மவுஸை ஆட்டவும் மறந்து நின்றேன். கம்ப்யூட்டர் தூங்கிவிட்டது. மேகம் கலைந்தது. டாக்டர் மறுப்பார், அவள் திரும்பி வருவாள், அடுத்த சந்தேகம் யார்மேல் விழும்? இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இது பின்னக் கணக்குக்கூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். முகத்தில் ஒரு சோகக் களை.

"கேட்டுட்டேங்க."

"என்ன சொன்னார்?"

"ஒத்துக்கிட்டார்."

"எதை?"

"திருட்டைத்தான். 'ஆமாம் டீச்சர், நான்தான் எடுத்தேன், மன்னிச்சிடுங்க'ன்னு தலையைக் குனிஞ்சுட்டார். பாவம், கண்ணெல்லாம் கலங்கிப் போச்சு. நீங்க சொன்னது சரியாப் போச்சு. உங்களுக்குத்தான் எவ்வளவு கூர்மையான புத்தி!"

என் கூர்மையான புத்தி சுத்தமாக மழுங்கிவிட்டது. செய்யாத குற்றத்தை ஒரு மனிதர் எதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும்? ஒருவேளை அவரும் உண்மையிலேயே திருடுகிறாரா? ஒரே வைஃபைக்கு இரண்டு திருடர்களா?

மறுநாள் காலை படிக்கட்டில் டாக்டரே எதிரில் வந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினார்.

"சார், என்னை மன்னிச்சிடுங்க."

"ஐயோ டாக்டர், பெரிய வார்த்தையெல்லாம் எதுக்கு..."

"இல்ல சார். தப்பு செஞ்சவன் வாயைத் திறந்து ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா மனசு எவ்வளவு லேசாயிடுது தெரியுமா? ஒத்துக்காதவன் பாடுதான் கஷ்டம். அவன் எப்படி சார் தூங்கறான்?"

அவர் கையிலிருந்த பையைப் பிடுங்காத குறையாக வாங்கி, கார் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். அன்று முதல் தினமும் தூக்கினேன். ஒருநாள் அவர் காரைக்கூடத் துடைத்தேன். நிரபராதி ஒருவர் எனக்காகத் தலைகுனிந்து படியிறங்குவதைப் பார்க்க முடியவில்லை. ஆனால் ஒன்று, சாயங்காலமானால் மவுஸை ஆட்டுவதையும் விட முடியவில்லை. பாசி பிடித்த கல் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த வார முடிவில் மனைவி சாவகாசமாக ஆரம்பித்தாள்.

"என்னங்க, டாக்டர் ஒரு பரிகாரம் செய்யணும்னு ஆசைப்படறார்."

"பரிகாரமெல்லாம் எதுக்கும்மா? மன்னிச்சாச்சு, மறந்தாச்சு."

"அவருக்கு மனசு கேக்கலையாம். உங்க கடைவாய்ப் பல்லை இலவசமா சரி பண்ணித் தர்றேங்கிறார்."

அந்தப் பல்லைப் பற்றி உங்களுக்குச் சொல்லவில்லை. அது என் சொந்த விஷயம். ரொம்ப நாளாக நான் ஒரு பக்கமாகத்தான் மென்று வருகிறேன். மனைவி டாக்டரிடம் போகச் சொல்லும்போதெல்லாம் அச்சகத்தில் அவசர வேலை வந்துவிடும். பல் டாக்டரின் அந்தச் சுழலும் கருவி இருக்கிறதே, அதன் சத்தத்தை நினைத்தாலே என் முழங்கால் தனியாகக் கழன்று ஓடப் பார்க்கும்.

"வேண்டாம்மா. பல்லு இப்ப தானாவே சரியாயிடுச்சு."

"அப்ப அவரை நீங்க இன்னும் மன்னிக்கலையா?"

"மன்னிச்சுட்டேன்!"

"மன்னிச்சா பல்லைக் காட்டறதுக்கு என்ன? பாவம், மனுஷன் குத்த உணர்ச்சியில சரியாச் சாப்பிடறதுகூட இல்லையாம். நீங்க என்னடான்னா..."

போகாமல் இருக்க வேண்டுமானால் அவர் குற்றவாளி இல்லை என்று சொல்ல வேண்டும். அவர் குற்றவாளி இல்லை என்றால் குற்றவாளி யார் என்று சொல்ல வேண்டும். போனேன்.

அடுத்த தெருவில்தான் கிளினிக். மனைவியும் துணைக்கு வந்தாள். ஓடிவிடாமல் இருப்பதற்குத்தான் துணை என்பது எனக்குப் பிற்பாடு புரிந்தது. நாற்காலி சாய்ந்தது. விளக்கு கண்ணைக் கூச வைத்தது. ஊசி போட்டதில் பாதி முகம் மரத்துப் போனது. டாக்டர் என் வாய்க்குள் பஞ்சு, குழாய், கண்ணாடி என்று ஒரு குடித்தனத்தையே குடியேற்றினார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"வீட்டுல ஆயிரக்கணக்கா பிரஷ் வெச்சுக்கிட்டு, பல்லை இப்படியா சார் வெச்சிருப்பாங்க?"

என் கண்கள் விரிந்தன. பிரஷ் விஷயம் இவருக்கு எப்படித் தெரியும்?

கருவி 'ர்ர்ர்ர்' என்று சுழன்றது. அதை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு டாக்டர் மிகவும் அன்பாகக் கேட்டார்.

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி சார். டீச்சர் வீட்டு நெட்டைத் திருடறது யாரு?"

"ஆ... ஆன்! ஆன்!"

"டாக்டர், அவர் என்ன சொல்றார்?" என்று வாசலிலிருந்து மனைவியின் குரல்.

"'நான், நான்'ங்கிறார் டீச்சர். ரெண்டு தடவை சொல்றார். அவ்வளவு வருத்தம்."

பல்லிலிருந்த ஓட்டை அடைபட்டது. சொன்னால் நம்பமாட்டீர்கள், வலிக்கவே இல்லை. அது இன்னும் அவமானமாக இருந்தது. வீடு திரும்பும் வழியில், கோணிய வாயோடு கேட்டேன்.

"எப்பம்மா கண்டுபிடிச்சே?"

"கண்டுபிடிக்க என்ன இருக்கு? பக்கத்து அறையில 'வாடா கண்ணா, வா'ன்னு ஒரு கொஞ்சல் கேட்கும். உடனே இங்க என் படம் நின்னுடும். கொஞ்ச நேரம் கழிச்சு 'ஐயோ, போச்சே'ன்னு ஒரு அலறல் கேட்கும். என் படம் நகர ஆரம்பிச்சிடும். டாக்டரா வந்து உங்க அறையில உட்கார்ந்து அலறினார்?"

"அப்ப அவர் ஒத்துக்கிட்டது?"

"நான்தான் ஒத்துக்கச் சொன்னேன். இல்லாட்டி உங்களை அந்த நாற்காலியில யார் உட்கார வைக்கிறது? கண் கலங்கினது மட்டும் நிஜம். அவர் சிரிச்ச சிரிப்பு அப்படி."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதி வாயால்தான் சிரிக்க முடிந்தது.

"சரிம்மா. இனிமே டவுன்லோடே வேண்டாம். டிராகன் ஆசையை விட்டுடறேன்."

"எதுக்கு விடணும்? மொத்தமும் நேத்தே இறங்கிடுச்சே."

நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

"எப்படி?"

"தூங்காதேன்னு கம்ப்யூட்டர்ல ஒரு இடத்துல சொன்னா அது தூங்காதுங்க. விட்ட இடத்துல இருந்து தொடர்றதுக்கும் டவுன்லோட் மேனேஜர்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, சும்மாவே கிடைக்குது. நீங்க அச்சகத்துக்குப் போனதும், உங்க கண்ணுல படாத வேற ஒரு ஃபோல்டர்ல போட்டுவிட்டேன். நாள் பூரா அது பாட்டுக்கு இறங்கிச்சு. கேட்டிருந்தா முதல்லயே சொல்லியிருப்பேனே?"

வீட்டுக்குள் ஓடினேன். மேகம் இருந்தது. கல் இருந்தது. மூன்று வகைக் கோட்டைகளும் இருந்தன. ஆயிரம் பிரஷ்களும் வரிசையாக நின்று எனக்கு வணக்கம் சொல்வதைப் போலிருந்தது. கண் கலங்கியது. சாயங்காலம் உட்கார்ந்து முதல் கோடு போட்டேன். மலை வந்தது. மலைபோல ஒன்று வந்தது. கோட்டையைத் தூக்கி வைத்தேன். பறக்கிற மாதிரி இருந்தது. பரவாயில்லை, மேகம்தான் நிறைய இருக்கிறதே. என் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததாக நினைவில்லை.

அடுத்த அறைக் கதவு அன்று திறந்தே இருந்தது. வகுப்பு தடங்கலே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கலகலவென்று சிரிக்கும் சத்தம் கேட்டு மெல்ல எட்டிப் பார்த்தேன்.

திரையில் ஒரு டிராகன். அபாரமான டிராகன்! செதில் செதிலாக மினுமினுப்பு, வளைந்த வால், மூக்கில் புகை. என்னுடைய பிரஷ்களால் எனக்கு முன்னால் அவளே வரைந்து முடித்திருந்தாள். அதற்கு ஒரு கன்னம் மட்டும் புசுபுசுவென்று வீங்கியிருந்தது.

"எல்லாரும் கவனிங்க, இன்னிக்குக் கணக்கு இதுதான்" என்றாள். "ஒரு டிராகன் தினமும் சாயங்காலம் மனைவிக்குத் தெரியாம ஒரு கோட்டையை இறக்குது. அது மனைவிக்கு எத்தனையாவது நாள் தெரியும்?"

பேப்பரும் பேனாவும் எடுக்காமல் பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள்:

"முதல் நாளே டீச்சர்!"