மரம் டீச்சர் நிறுத்தி வைத்த தண்ணீர்

கம்பம் பள்ளத்தாக்கில் வனத்துறை வளர்த்த மரங்களைவிட எங்கள் மரம் டீச்சர் வளர்த்த மரங்கள் அதிகம். சந்தேகம் இருந்தால் கூடலூர் பஸ் ஸ்டாப்பில் நின்று கேட்டுப் பாருங்கள். மீசை முறுக்கிய ஜீப் டிரைவர், மெடிக்கல் கடைக்காரர், இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் பெண் என்று யாராவது ஒருவர், "நான் மூணாப்புல தென்னமரமா நின்னேன்" என்று பெருமையாகச் சொல்வார்.

2000 வாக்கில் நான் அங்கே ஒரு தொடக்கப்பள்ளியில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது, டீச்சருக்கு ஐம்பது வயது இருக்கும். ஆள் ஒல்லி. குரலைக் கேட்டால் மைக்செட்டுக்கு வேலை இல்லை. அவருக்கு ஒரு கொள்கை உண்டு. ஆண்டு விழா அன்று எந்தப் பிள்ளையும் கீழே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கக் கூடாது; அத்தனை பேரும் மேடையில் இருக்க வேண்டும். ராஜா வேஷத்தை எத்தனை பேருக்குக் கொடுக்க முடியும்? மிச்சப் பேரெல்லாம் மரம். கையில் வேப்பங்குலை கொடுத்தால் வேம்பு, கீற்றைக் கொடுத்தால் தென்னை. அரசவை நாடகம் என்றாலும் சிம்மாசனத்துக்குப் பின்னால் ஒரு தோப்பு நிற்கும். அரண்மனைக்குள் தோப்பு எதற்கு என்று ஒருமுறை கேலியாகக் கேட்டுவிட்டேன்.

"ராசாவுக்குக் காத்து வேணாமா சார்?" என்றார்.

மரம் என்றால் சும்மா நிற்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு ஒரு மாதம் ஒத்திகை. காற்றடித்தால் எல்லா மரமும் ஒரே பக்கம் சாய வேண்டும். கொசு கடித்தாலும் கை அசையக் கூடாது. மூக்கைச் சொறிந்த ஒரு புளியமரத்தை டீச்சர் முருங்கையாக இறக்கிவிட்டார். மறுநாள் அதன் தகப்பனார் தலைமையாசிரியரிடம் வந்து, தங்கள் வம்சத்தில் இதுவரை முருங்கை என்று ஒருத்தரும் கிடையாது என்று நியாயம் கேட்டார்.

சுற்றுலா போனாலும் இதே கூத்துதான். சுருளி அருவிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, டீச்சர் வேன் படியில் நின்றுகொண்டு பிள்ளைகளை மரத்தின் பெயர் சொல்லிச் சரிபார்த்தார். மா வந்துவிட்டது, பலா வந்துவிட்டது. "வேப்பமரத்தக் காணோம்" என்று அவர் போட்ட சத்தத்தில் வனக்காவலர் ஒருவர் லத்தியோடு ஓடி வந்து, எப்போது வெட்டினார்கள் என்று விசாரித்தார்.

"வெட்டல சார், அங்கன கடல வாங்கிட்டு நிக்கிது" என்று வேனுக்குள்ளிருந்து ஒரு தென்னை பதில் சொன்னது. காவலர் நெடுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவர் ஒரு வருஷம் அணை நாடகம் போடுகிறேன் என்று கிளம்பினார். எங்கள் பக்கம் நெல் விளைவது பெரியாற்று அணைத் தண்ணீரால். அந்த அணையைக் கட்டிய வெள்ளைக்காரத் துரை, பணம் போதாமல் சொத்தை விற்றுக் கட்டி முடித்தார் என்பது இங்கே பிள்ளைகளுக்குச் சோற்றோடு ஊட்டும் கதை. பல வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் துரை படமும் மாட்டியிருக்கும். ஐந்தாம் வகுப்புப் பையன்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு கைகோத்து நின்றால் அணை. இரண்டாம் வகுப்பு முழுவதும் தண்ணீர். மடை திறந்ததும் நீலச் சேலை ஒன்றின் முனையைப் பிடித்துக்கொண்டு முதலில் ஓடி வர வேண்டியவள் பேச்சி. மிச்சம், வழக்கம்போல, காடு.

பேச்சியின் தாய் ஏலத்தோட்டத்துக் கூலி. விடியுமுன்னே ஜீப்பில் மலையேறிக் கேரளப் பக்கம் போய், பொழுது அடையும்போது இறங்கி வருகிற பெண்களில் ஒருத்தி. முந்தின வருஷம் பேச்சி வாழையாக நின்றாள். அவள் தாய் வேலை முடிந்து ஓடி வந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் இந்த முறை, ஆத்தா பார்க்காமல் ஓடவே மாட்டேன் என்று பேச்சி தரையில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சரும் அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"உங்காத்தா வந்து நிக்காம தண்ணி தெறக்காது. நான் சொல்றேன்ல, எந்திரி."

அதற்காக விழாவையே மாலைக்குத் தள்ளி, ஜீப் வந்து சேரும் நேரத்துக்குத் தண்ணீர் வரும்படி ஏற்பாடு செய்தார். அன்றைக்குப் பார்த்து மலைப்பாதையில் ஒரு லாரி குறுக்கே மறித்து நின்றுவிட்டது. இது எங்களுக்கு அப்புறம்தான் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம், ஜீப் வரவில்லை என்பது மட்டும். பேச்சி மேடை ஓரத்தில் நீலச் சேலையைக் கையில் சுருட்டிக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாடகம் அணை கட்டும் இடத்துக்கு வந்துவிட்டது. துரையாக நடித்த பையன் மாமாவின் பேண்ட்டை மடித்துக் கட்டிக்கொண்டு, "பணம் தீந்துபோச்சு, என் வீட்ட விக்கிறேன்" என்றான். அதோடு அணை முடிந்து மடை திறக்க வேண்டும். டீச்சர் ஓரத்திலிருந்து, "இன்னும் வில்லு" என்றார். பையன் குதிரையை விற்றான். வண்டியை விற்றான். டீச்சர் விடவில்லை. கட்டிலை விற்றான், சட்டி பானையை விற்றான், ஆட்டுக்கல்லை விற்றான். கடைசியில் தலையில் இருந்த தொப்பியையும் கழற்றி, "இதயும் வித்துட்டேன்" என்று அழுகிற குரலில் சொன்னான்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவருக்குத் தாங்கவில்லை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"தொரை, போதும். நெல்லு நான் தாரேன். தொப்பிய விக்காதீக."

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆமா, ஆமா என்று நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது. ஆளாளுக்குத் துரைக்கு நெல் தர ஆரம்பித்தார்கள். அதற்குள் அணையில் நின்ற ஒரு கல்லுக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்து, அது கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டது. அணையில் ஓட்டை விழுந்துவிட்டது என்று ஒரு கூச்சல். மடையைத் திறந்துவிடுங்கள், நாற்று காய்கிறது என்று இன்னொரு கூச்சல். பின்வரிசைக்காரர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வாய்க்காலின் கடைசியில், கடைமடையில்தான் வயல். தண்ணீருக்குக் காத்திருந்து காத்திருந்து அவர்களுக்குப் பொறுமை என்பதே மிச்சமில்லை.

சிறப்பு விருந்தினராக வந்த அதிகாரி தேனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தலைமையாசிரியர் மேடை ஓரத்துக்கு வந்து, திரையை இழுத்து மூடு என்று எனக்குக் கட்டளையிட்டார். திரைக் கயிறு என் கையில் இருந்தது. டீச்சர் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் பயம் வரும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஒரு காத்து அடிச்சிட்டு மூடிருவோம் சார்" என்றார் மெதுவாக. பிறகு மரங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். காடு முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்தது. திரும்ப நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. ஒரு மாத ஒத்திகை வீண்போகவில்லை. என்ன ஏது என்று புரியாமல் கூட்டம் வாயடைத்துப் பார்த்தது. தலைமையாசிரியர் பல்லைக் கடித்தார். நான் கயிற்றை இழுக்கவில்லை.

பள்ளி வாசலில் ஹாரன் கேட்டது. தலையில் துண்டும் கையில் தூக்குச்சட்டியுமாகப் பெண்கள் திமுதிமுவென்று இறங்கி ஓடி வந்தார்கள். பேச்சியின் தாய் கூட்டத்தின் கடைசியில் எம்பி எம்பிப் பார்த்தாள்.

டீச்சர், "தண்ணி வரலாம்" என்றார்.

பேச்சி மேடையின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓட வேண்டும். அவளோ படியில் குதித்து, கூட்டத்துக்குள் நேராக இறங்கிவிட்டாள். நீலச் சேலை பின்னால் விரிய, இரண்டாம் வகுப்பு மொத்தமும் அவள் பின்னால் ஓடியது. அணை திறந்து வரும் முதல் தண்ணீருக்குப் பூத் தூவுவது எங்கள் பக்கத்து வழக்கம். பெண்கள் தலையில் இருந்த பூவைப் பிய்த்துப் பிள்ளைகள் மேல் போட்டார்கள். பின்வரிசையில் ஒருவர், இந்த வருஷமாவது கடைமடைக்குத் தண்ணீர் வந்ததே என்று கையெடுத்துக் கும்பிட்டார். பேச்சி போய்த் தாயின் காலைக் கட்டிக்கொண்டாள்.

எல்லாம் முடிந்த பிறகு அந்த அம்மாள், ஏலக்காய்க் கறை படிந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே டீச்சரிடம் வந்தாள்.

"நான் போகயிலயும் தூங்குவா, வரயிலயும் தூங்கிருவா டீச்சர். எம்புள்ள ஓடுறத இன்னைக்குத்தேன் பாக்குறேன்."

டீச்சர் பேச்சியின் தலையில் ஒட்டியிருந்த பூவை எடுத்துவிட்டு, ஓடின பக்கம் தப்பு என்று அவளைத் திட்ட ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து அவரைக் கேலி செய்வதை விட்டுவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. விடவில்லை. அவர் ஓய்வு பெறும்வரை தினமும் கேலி செய்தேன். அவர் மேல் எனக்கிருந்த பிரியத்தைச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.