கல்மெட் கடையின் பச்சை விளக்கு

"இன்னிக்கும் மூணே பேருதான்," என்றான் கல்மெட்.

"இப்படி இருட்டுல கெடந்தா யாரு வருவா? வெளிச்சம் போடு," என்றாள் மனைவி லெய்வியா. "இல்லேன்னா எங்கண்ணன் பேக்கரில போய் மாவு பிசை."

மச்சான் மோரிஸிடம் கைகட்டி நிற்பதைக் கல்மெட்டால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

தீவு நகரமான போர்ட் விலாவில், வேரை இடித்துப் பிழியும் போதைச் சாறான கவா விற்கும் கடைக்குப் பெயர்ப்பலகை தேவையில்லை. வாசலில் பச்சை விளக்கு எரிந்தால் கவா இருக்கிறது, அணைந்தால் தீர்ந்துவிட்டது. உள்ளே அரையிருட்டில் ஆண்கள் சிரட்டையும் கையுமாகச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கல்மெட் அவர்கள் தலைக்கு மேலே ட்யூப்லைட் மாட்டினான்.

மறுநாள் மாலை, சாலையில் போன ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"அது எங்க வீட்டுக்காரரு இல்ல? ஜெபக்கூட்டம்னு சொல்லிட்டுல்ல கெளம்புனாரு?"

மூவரில் இருவர் சுவரேறிக் குதித்தார்கள். மிஞ்சியது பழைய வாடிக்கையாளர் தாரி மட்டும்.

"பாட்டு போடு, கூட்டம் சேரும்," என்றாள் லெய்வியா.

ஸ்பீக்கர் அலறியது. கவா ஏறிய தலைக்கு ஈ பறந்தாலே இரைச்சல். தாரி பாதிச் சிரட்டையைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு போனார்.

"போனா போகட்டும். காசுள்ள ஆளுங்களப் பிடி," என்றாள் லெய்வியா.

கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்காரர்களை வேனில் அள்ளி வந்தான். சிரட்டையோடு விதவிதமாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு அம்மாள் மட்டும் துணிந்து குடித்தாள்.

"இதென்ன, சேத்துத் தண்ணியா? பீர் இல்லையா?"

கல்மெட்டுக்கு அழுகையே வந்துவிட்டது. ட்யூப்லைட்டையும் ஸ்பீக்கரையும் கழற்றி வீசினான். மாலையில் பச்சை விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு உட்கார்ந்தான். ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. காலி பெஞ்சுகளைப் பார்க்கச் சகிக்காமல், நன்றாக இருட்டுவதற்கு முன்பே விளக்கை அணைத்துவிட்டு, இடித்துப் பிழிந்த கவாவை வாழை மரத்தடியில் கொட்டினான். அந்த வாரம் முழுக்க இதே கதைதான்.

சனிக்கிழமை மானத்தை விட்டு மச்சானிடம் போனான்.

"திங்கக்கெழமலேருந்து வர்றேன் மச்சான்."

"இத முன்னாடியே செஞ்சிருக்கலாமே," என்று மோரிஸ் சிரித்த சிரிப்பு வீடு வரைக்கும் காதில் கேட்டது.

திரும்பி வந்தால், விளக்கே ஏற்றாத கடை வாசலில் ஆண்கள் கூட்டம். சுவரேறிக் குதித்த இருவர், முன்பின் தெரியாத முகங்கள், எல்லாருக்கும் முன்னால் முறைத்துக்கொண்டு தாரி.

"என்ன தாரி அண்ணே, சண்டைக்கா வந்திருக்கீங்க?"

"பின்ன? தெனம் இருட்டறதுக்குள்ள அம்புட்டையும் வித்துத் தீத்துடறியே, பழைய ஆளுங்களுக்கு ஆளுக்கொரு சிரட்டையாவது எடுத்து வைக்கக் கூடாதா?"