இலாரியே இறந்தேயாக வேண்டும்

2018ஆம் ஆண்டு ஜூலை 4, புதன்கிழமை, முற்பகல் பதினொன்றே கால் மணிக்கு, உயிரோடிருக்கும் மனிதன் ஒருவன் எங்கள் மாவட்ட மறுமதிப்பீட்டுக் குழுவால் இறந்தவனாக அறிவிக்கப்பட்டான். அதன் விளைவாகப் பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி பள்ளியிறுதித் தேர்வில் தோற்றாள். என் புகார் இவ்வளவே. மற்றவை யாவும் பாராட்டு.

ருமேனியா உலகிற்கு வழங்கிய கொடைகளுள் தலையாயது பள்ளியிறுதிக் கட்டுரையே. இதை மறுப்பவர் எவரும் இலர். மறுத்தவர் எவரும் தேறியதில்லை. பிற நாடுகளில் ஆயிரம் மாணவர் ஆயிரம் விதமாக எழுதி ஆசிரியர்களைப் படிக்க வைத்துவிடுகின்றனர். எங்கள் மாவட்டத்தில் அந்தக் கொடுமை ஒழிந்து ஆண்டுகள் பலவாயின. இவ்வாண்டு இருநூற்றுப் பன்னிருவர் தேர்வெழுதினர். இருநூற்றுப் பதினொருவர் ஒரே கட்டுரையை எழுதினர். அதே வாக்கியங்கள். அதே இடத்தில் அதே காற்புள்ளிப் பிழை. முப்பத்தாறு ஆண்டுகள் இலக்கணம் கற்பித்த நான், பிழையில்கூட இத்தகைய ஒழுக்கத்தைக் கண்டதில்லை.

இந்த ஒருமைப்பாட்டின் சிற்பி பொம்பிலியு. அவருடைய 'வெற்றிக் கட்டுரைகள்' என்னும் கைடு பதினான்கு பதிப்புகள் கண்டது. பாடமாக உள்ள நாவல் 'உப்பு வண்டிகள்'. அதை எழுதியவர் எங்கள் மாவட்டத்துக்காரர், இறந்துவிட்டார், பாடத்திட்டத்தில் சேர்வதற்கு அதுவே தகுதி. நாவல் நானூறு பக்கம். கைடில் நான்கு. அதன்படி, இலாரியே என்னும் உப்பு வண்டிக்காரன் இறுதியில் பனியில் விழுந்து இறக்கிறான். "அவனது மரணம் ஒரு சமுதாயத்தின் மரணம்" என்பது முத்தாய்ப்பு.

இந்த மரணத்தின் பயன் அளவிடற்கரியது. சமூகச் சிக்கல் பற்றிய கட்டுரைக்கும் ஓர் இலக்கியச் சான்று வேண்டும் என்பது விதி. ஆகவே 'குடியின் கேடு' கேட்கப்பட்ட ஆண்டில் இலாரியே இறந்தான். 'நெகிழிக் கழிவு' கேட்கப்பட்டபோதும் இறந்தான். 'கைபேசிக்கு அடிமையாகும் இளைஞர்' என்ற தலைப்பிலும், குதிரை வண்டிக் காலத்தவனாகிய அவன், சற்றும் தயங்காமல் இறந்து உதவினான். இவ்வாண்டுத் தலைப்பு, 'வேலை தேடி அயல்நாடு செல்வோர்'. அவனுக்கு வேலை வந்துவிட்டது.

ஒரே ஒரு விடைத்தாள் மட்டும் முறைதவறியது. எண் 417. "இலாரியே சாகவில்லை, ரயிலேறிப் போனான்" என்று அதில் எழுதியிருந்தது. விடைக்குறிப்பில் 'நாயகனின் மரணத்தைச் சுட்டுதல்' என்பதற்குப் பத்து மதிப்பெண். உயிருக்கு மதிப்பெண் இல்லை. 417 பெற்றது நாற்பத்தொன்பது. தேர்ச்சிக்கு ஐம்பது வேண்டும். அப்பெண்ணுக்கு யாஷ் நகரச் செவிலியர் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. பதினைந்தாம் தேதிக்குள் சான்றிதழ் காட்டாவிட்டால் அது போய்விடும். மேல்முறையீடு செய்தாள்.

குழுவில் ஐவர். தலைவி, பள்ளி ஆய்வாளர் லெயொந்தினா அம்மையார். அடுத்தவர் பொம்பிலியு. வேதியியல் ஆசிரியரும் உடற்பயிற்சி ஆசிரியரும் நடுநிலைமையின் பொருட்டுச் சேர்க்கப்பட்டவர்கள். நாவலைத் தொட்டுக் கறைபடாதவர்கள். ஐந்தாமவன் நான். 'மொழித் தூய்மை' காக்க ஓய்விலிருந்து அழைக்கப்பெற்றவன்.

தேர்வரின் முகம் குழுவிற்குத் தெரியலாகாது என்பதும் விதியே. ஆகையால் மேல்முறையீட்டாளரைச் சக்கரம் வைத்த கரும்பலகைக்குப் பின்னால் உட்கார்த்தினோம்.

"417, நீ யாருன்னு எங்களுக்குத் தெரியாது" என்று தொடங்கினார் தலைவி.

"தெரியும் மேடம்" என்றது கரும்பலகை.

காப்பித் தட்டோடு நுழைந்த கேன்டீன்காரி சஃப்தா, "ஸ்மரண்டா, நிமிந்து உக்காருடி! கால் வெளிய தெரியுது பாரு" என்றாள்.

"சஃப்தா! பேரைச் சொல்லக் கூடாது!"

"பெத்த பொண்ணை நம்பர் சொல்லியா மேடம் கூப்பிடுவாங்க? ஞானஸ்நானத்துல பாதிரியார் நானூத்திப் பதினேழுன்னா பேர் வச்சாரு?"

தலைவி அதைக் குறிப்பேட்டில் பதிவு செய்ய வேண்டாம் என்றார். எழுதியிருந்த வரியை நான் அடித்தேன்.

"சரி 417, கைடுல தெளிவா செத்துட்டான்னு போட்டிருக்கே. உனக்கு என்ன சந்தேகம்?"

"நான் நாவலைப் படிச்சேன் மேடம்."

வேதியியலார் காப்பியைக் கீழே வைத்தார்.

"முழுசாவா?" என்றார் பொம்பிலியு.

"ஆமா சார்."

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லல சார். நல்லா இருந்துச்சு."

"புஸ்தகம் எங்க கிடைச்சுது?"

சஃப்தா குறுக்கிட்டாள். "கேன்டீன் அலமாரிக்கு ஒரு கால் குட்டை சார். இருபது வருஷமா அதுதான் முட்டு. இவ உருவிட்டா. இப்ப தட்டெல்லாம் ஆடுது."

பள்ளி நூலகப் பிரதியைத் தருவித்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். நூலகப் பிரதியில் கடைசித் தாள் இல்லை. சூரியகாந்தி விதைக்குக் கூம்புப் பொட்டலம் மடிக்க யாரோ கிழித்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் காகிதத்தின் இயல்பான முடிவு அதுதான். அங்கே இலாரியே பனியில் விழுகிறான், தாள் தீர்ந்துவிடுகிறது. அலமாரிப் பிரதியோ, அதுவரை எவரும் படிக்காத காரணத்தால், முழுமையாக இருந்தது. உடற்பயிற்சி ஆசிரியர் எழுந்து நின்று, அணிவகுப்புக் கட்டளைக் குரலில் வாசித்தார்:

"இலாரியே எழுந்தான்! முழங்காலில் ஒட்டிய பனியைத் தட்டினான்! நிலையத்தில் ஒரு வளைய ரொட்டி வாங்கினான்! கொன்ஸ்தான்சா ரயிலில் அவனுக்குச் சன்னலோரம் இடம் கிடைத்தது!"

பொம்பிலியு கலங்கவில்லை. "அது குறியீடு. ரயில்னா சாவு."

"ரொட்டி?" என்றார் தலைவி.

"வளைய ரொட்டியை நாம எப்பக் குடுக்கறோம்? திவசத்துக்கு."

"சன்னலோரம் இடம்?"

"சொர்க்கம்தான் மேடம். இல்லேன்னா நம்ம ஊரு ரயில்ல கிடைக்குமா?"

ஆய்வுலகம் அந்த நிமிடத்தில் ஓர் அடி உயர்ந்தது. கரும்பலகைதான் அசையவில்லை.

"எங்கப்பாவும் ரயில்லதான் சார் போனாரு" என்றது அது. "ஸ்பெயின்ல ஸ்ட்ராபெரி பறிக்கிறாரு. ஞாயித்துக்கெழமை போன் பண்ணி, பரீட்சை எப்படி எழுதினேன்னு கேட்டாரு. போனவங்கல்லாம் செத்தவங்கன்னு நான் எப்படி சார் எழுதுவேன்?"

சஃப்தா வெறுந்தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். தலைவி ஒரு தாளில் கூட்டிக் கழித்தார்.

"உணர்ச்சி வேற, நிர்வாகம் வேற. இலாரியே செத்ததுக்காக இருநூத்திப் பதினோரு பேருக்குப் பத்துப் பத்து போட்டாச்சு. அவன் உயிரோட இருந்தா அதைக் கழிக்கணும். கழிச்சா அறுபத்து மூணு பேர் ஃபெயிலு."

"அதுல ஒருத்தன் என் பையன்" என்றார் வேதியியலார், நடுநிலைமையோடு.

"ஆக, ஒருத்தன் செத்தா அறுபத்து மூணு பிள்ளைங்க பிழைக்கும்."

"யாருக்கும் கழிக்க வேணாம் மேடம்" என்றாள் ஸ்மரண்டா. "எனக்கும் பத்து போட்டுடுங்க. போதும்."

"அதெப்படிம்மா? அரசாங்கக் கோப்புல ஒருத்தன் ஒரே நேரத்துல செத்தும் உயிரோடயும் இருக்க முடியாது."

"எங்க மாமா பென்ஷன் ஆபீஸ்ல நாலு வருஷம் அப்படித்தான் இருந்தாரு" என்றார் உடற்பயிற்சி ஆசிரியர்.

"நீங்க உக்காருங்க."

பின்னர் தலைவி பொம்பிலியுவிடம், வெறும் நடைமுறைக்காக, ஒரு கேள்வி கேட்டார். "நீங்க எந்தப் பிரதியைப் பாத்து கைடு எழுதினீங்க? இந்தக் கிழிஞ்சதையா?"

"நானா? நாவலை எங்க மேடம் படிச்சேன்! இலாரியே செத்தது எங்க சார் வகுப்புல சொன்னது. அப்படியே எழுதிக்கிட்டேன். ஒரு வார்த்தை மாத்தல." என்னைப் பார்த்து நன்றியோடு தலை தாழ்த்தினார். "எல்லாம் சார் போட்ட பிச்சை."

அவர் என் மாணவர் என்பதை இதுவரை நான் குறிப்பிடாதது அடக்கம் காரணமாகவே. நூலகப் பிரதியை வாசித்தவன் நான். ஒரு நாவல், முற்றுப்புள்ளிகூட இல்லாமல், பாதி வாக்கியத்தில் நிற்பதைக் கண்டு ஐயுற்றிருக்க வேண்டிய இலக்கண ஆசிரியனும் நானே. மறுநாள் வகுப்பு இருந்தது. ஒரு முடிவு தேவைப்பட்டது. அவனைக் கொன்றேன். முத்தாய்ப்பு வாக்கியம் எனக்கே மிகவும் பிடித்திருந்தது.

தலைவி தீர்மானத்தை வாசித்தார்: "இலாரியே என்பவர் இறந்துவிட்டார் என இக்குழு ஒருமனதாகக் கருதுகிறது. ஏற்போர் கை தூக்குக."

நான்கு கைகள் எழுந்தன.

"சார், 'ஒருமனதாக'ன்னு எழுதியாச்சு" என்றார் தலைவி, மெதுவாக. "நீங்கதானே மொழித் தூய்மை. வாக்கியம் தப்பாகிடும்."

வாக்கியம் பிழையாவதை நான் வாழ்நாளில் பொறுத்ததில்லை. கை தூக்கினேன்.

கரும்பலகையை உருட்டி அப்புறப்படுத்தினர். அங்கே மெலிந்த பெண்ணொருத்தி, அலமாரியின் எடையால் நடுவே பள்ளம் விழுந்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாழ்வாரத்தில் அவளை நிறுத்தி, "மனம் தளராதே அம்மா, ஆகஸ்டில் இரண்டாம் தேர்வு உண்டு" என்று முறைப்படி ஊக்கமளித்தேன்.

"தெரியும் சார். யாஷ்ல அப்ப இடம் இருக்காது. ஆனா எழுதறேன்." யாரிடமோ இரவல் வாங்கிய பொம்பிலியுவின் கைடு ஒன்று அதற்குள் அவள் கைக்கு வந்திருந்தது. "ஆகஸ்ட்ல கொன்னுடறேன் சார். கவலைப்படாதீங்க."

சஃப்தா என்னைப் பார்த்தாள். "இப்பப் பாஸாகிடுவா, இல்ல சார்?" என்றாள்.

கட்டாயம் தேறுவாள். இருநூற்றுப் பன்னிரண்டுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. எங்கள் மாவட்டத்தின் வெற்றி அன்று முழுமை பெறும்.

எனவே, வாசகரே, உம்மிடம் ஒரு கோரிக்கை. ஆகஸ்டு இருபதாம் தேதி அக்குழு மீண்டும் கூடும். அதற்குள் மாவட்டக் கல்வி அலுவலகத்திற்கு ஒரு கடிதம் எழுதும். அதன் ஐந்தாம் உறுப்பினன், எஃப்டிமியே ஸார்னெஸ்கு என்னும் ஓய்வுபெற்ற இலக்கண ஆசிரியன், உயிரோடிருந்த ஒருவனை இரண்டு முறை கொன்றான் என்றும், அவனை நீக்கிவிட்டுக் கடைசித் தாள்வரை படித்த எவரையேனும் அமர்த்த வேண்டும் என்றும், 417க்குரிய பத்து மதிப்பெண்ணை அவள் அந்தக் கைடை மனப்பாடம் செய்து முடிப்பதற்குள் வழங்க வேண்டும் என்றும் கேளும். மாதிரிக் கடிதம் நான் தரமாட்டேன். நீரே எழுதும், பிழையோடு எழுதினாலும் சரி.