ஆயிரத்து இருநூறு ஆங்கிலச் சொற்களும் ஒரு வாளித் தண்ணீரும்

நிஷ், ஜூன் 17

மதிப்புக்குரிய வுகாஷின் அத்தானுக்கு, ராதிவோய் வணக்கத்துடன் எழுதுவது. நானும் ஸ்மில்யாவும் உயிரோடு இருக்கிறோம். அக்காவும் நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் நோவி சாத் ஊரில் யாருக்கும் எதுவும் ஆவதில்லை.

வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வுக்கு நான் போகப்போவதில்லை. இதை அக்காவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அது இருபத்தேழு வருடத்துக்கு முன் ஆங்கிலப் பட்டத்தில் நான் முடிக்காமல் விட்ட ஒரே பாடம், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல். அந்த வாரம் யாருடைய கல்யாணத்துக்காக என்னைப் பந்தல் கட்ட இழுத்துப்போனார்கள் என்று உங்களுக்கே தெரியும், மாப்பிள்ளை நீங்கள்தான். இப்போது பள்ளியில் நான் எடுத்துவந்த பூகோள வகுப்புகளைக் குறைத்துவிட்டார்கள். இதில் தேறினால் செப்டம்பரிலிருந்து ஆங்கில ஆசிரியர், இல்லாவிட்டால் பழைய வரைபடங்களும் கிழிந்த பந்துகளும் கிடக்கும் சாமான் அறைக்குக் காவல் என்று தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னார். இதுவே கடைசி வாய்ப்பு.

அந்த நாவல்களுக்கு என் ஆங்கிலம் போதவில்லை, அத்தான். மூடுபனிக்கே ஒன்பது சொல். துக்கத்துக்கு நாற்பத்தொன்று. மொத்தம் ஆயிரத்து இருநூறு சொற்களைச் சீட்டுகளில் எழுதி வீடெங்கும் ஒட்டினேன். அலமாரியில் சவப்பெட்டி, அடுப்பில் கொள்ளைநோய், குளியலறையில் மூர்ச்சை. "ஏங்க, இது வீடா, பிணவறையா? காபி போடவே பயமா இருக்கு" என்றாள் ஸ்மில்யா. குதிரை வண்டிகளுக்கு மட்டும் பதினாலு சொல் இருக்கிறது, வண்டிக்கு நான் எங்கே போவேன்? முற்றத்தில் நின்ற பழைய சிவப்புக் காரில், லொடலொடத்து உயிரை வாங்கும் வாடகை வண்டி என்று பொருள்படும் சொல்லை ஒட்டினேன். இந்தத் தெருவில் அதற்கு அர்த்தம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். மற்றவள் அந்தக் காரின் சொந்தக்காரி, கீழ்வீட்டுக்குப் புதிதாக வந்த பேராசிரியை நெவெங்கா. வியாழக்கிழமை என்னைக் கேள்வி கேட்கப்போகிறவளும் அவள்தான். அதோடு விட்டதா? பதினெட்டு வருடத்துக்கு முன், கருங்கடலுக்குப் போகிற டான்யூப் நதியைக் கொண்டுபோய் ஏட்ரியாடிக் கடலில் விட்டதற்காக நான் ஐந்துக்கு ஒன்று போட்டு, அப்பாவைக் கூட்டிவரச் சொன்ன அதே நெவெங்கா!

பிறகு எழுத்துத் தேர்வு நாள். தேர்வுக்குப் போகிறவன் பின்னால் தண்ணீர் ஊற்றினால் காரியம் தடையில்லாமல் நடக்குமென்று எல்லா வீட்டிலும் ஒரு குவளை ஊற்றுவார்கள். "உங்க மண்டைக்கு ஒரு குவளை எப்படிங்க பத்தும்?" என்று ஸ்மில்யா இரண்டாம் மாடியிலிருந்து ஒரு வாளி ஊற்றினாள். நான் அதற்குள் தெருவைத் தொட்டுவிட்டேன். பின்னால் வந்த நெவெங்கா தலையோடு காலாக நனைந்தாள். தண்ணீர் ஊற்றியபின் திரும்பிப் பார்த்தால் பலிக்காது என்பார்கள், பார்த்துவிட்டேன். "பரவாயில்ல சார், நீங்க போங்க, நேரமாகுது" என்றாள். அந்த அமைதிதான் என்னைக் கொல்கிறது அத்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சோறாவது இறங்கியிருக்கும். நெவெங்கா எல்லாவற்றையும் வியாழக்கிழமைக்குச் சேர்த்துவைக்கிறாள். மேசையில் கேள்விச் சீட்டுகளைக் கவிழ்த்துவைத்து ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். நான் எதை எடுத்தாலும் அதில் அந்த வாளிதான் இருக்கும்.

ஆகவே நான் தோற்கவில்லை, பழிவாங்கப்பட்டேன் என்று குடும்பம் முழுவதும் அறியட்டும். அவளுக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்காமல் சாமான் அறைச் சாவியை வாங்கிக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பு, உங்கள் முழங்காலுக்கு என் விசாரிப்பு. உங்கள் வீட்டைக் காக்கும் புனிதர் எல்லோரையும் காக்கட்டும், ஒழிந்த நேரத்தில் என்னையும்.

இப்படிக்கு,
ராதிவோய்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் நெவெங்கா கதவைத் தட்டினாள். "சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க கண்ணாடிக்கு மேல பார்த்தா எனக்கு இன்னும் அப்பாவைக் கூட்டிட்டு வரணும்னுதான் தோணுது. உங்களைக் கேள்வி கேக்க என்னால ஆகாது. பெல்கிரேடிலேர்ந்து வேற ஒருத்தரை வரச்சொல்லிட்டேன். ரொம்ப நியாயமானவர் சார். உங்களை யாருன்னே அவருக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடிவிட்டாள். இனி எப்படிப் போகாமல் இருப்பது? ஆயிரத்து இருநூறையும் முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை பட்டதெல்லாம் ஒரு பயமே இல்லை அத்தான். இப்போது தோற்றால், பழி போட ஒரு ஆள்கூடக் கிடையாது.