பட்டன் மாப்பிள்ளை

பெருக்கல் குறி மறுபடியும் ஓடிவிட்டது.

சின்னப்பராஜ் மவுஸைப் பிடித்துக்கொண்டு துரத்தினார். விளம்பரத்தின் மூலையில் இருந்த குறி, அம்பு பக்கத்தில் போனதும் நழுவி அடுத்த மூலைக்குப் போனது. விடாமல் போய் அங்கே அழுத்தினார். விளம்பரம் மூடவில்லை. புதிதாக இன்னொன்று திறந்தது. அதில் சிவப்புச் சேலை கட்டிய ஒரு பெண் கண்ணடித்தாள். ‘திண்டிவனத்தில் உங்களுக்காக ஒருத்தி காத்திருக்கிறாள்’ என்று கீழே எழுதியிருந்தது.

“யாருங்க அவ?”

பின்னால் காபி டம்ளரோடு மனைவி அக்னஸ்.

“எனக்கு எப்படிடி தெரியும்? தானா வருது!”

“திண்டிவனத்துல பொண்ணுக்கு மாப்பிள்ள பாருங்கன்னா, நீங்க உங்களுக்கு பாத்துக்கினு இருக்கீங்களா?”

சின்னப்பராஜ் விழுப்புரத்தில் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. ஜாக்கெட் டிசைன் பார்க்க வாங்கிய கம்ப்யூட்டர் அங்கேதான் இருந்தது. அன்று சாயந்தரம் அதே கம்ப்யூட்டரில், திண்டிவனத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வீடியோவில் பேசப் போகிறார்கள்.

மகள் வெனிலா ஆஸ்பத்திரியில் நர்ஸ். வந்த இடங்களை எல்லாம் வேண்டாம் என்று தள்ளியவள், இந்தப் பையன் போட்டோவை மட்டும் திரும்பக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அன்றிலிருந்து அக்னஸ் வேளாங்கண்ணி மாதாவிடம் விடாமல் பேசிக்கொண்டிருக்கிறாள். இந்த இடம் தட்டிப்போனால் மாதா முகத்தில் எப்படி விழிப்பது என்பது அவள் கவலை.

சின்னப்பராஜுக்கும் பையனைப் பிடித்துவிட்டது. காரணம் தரகர் விருத்தாசலம் சொன்ன ஒரே ஒரு வார்த்தை. “பையன் பேரு அந்தோணி பிரபு. மெட்ராஸ்ல பெரிய கம்பெனி. பட்டன் டிசைன் பண்றாரு.”

சட்டைக்கு முகமே பட்டன்தான் என்பது சின்னப்பராஜின் கட்சி. அதற்குமேல் அவர் ஒன்றும் விசாரிக்கவில்லை.

“போன்லயே பேசிக்கலாமே” என்றாள் அக்னஸ்.

“போன்ல பாதி மூஞ்சிதான் தெரியும். மாப்பிள்ளய முழுசா பாக்க வேணாமா?”

அப்போது திரை சிவப்பானது. ‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்! உடனே சுத்தம் செய்யுங்கள்!’ கீழே இரண்டு பட்டன்கள். ஒன்று சாம்பல் நிறத்தில், ஒளிந்துகொள்கிற மாதிரி. இன்னொன்று பச்சையாக, பெரிதாக, பார்க்கவே களையாக இருந்தது. பட்டன் விஷயத்தில் சின்னப்பராஜ் யாரையும் கலந்து பேசுவதில்லை. பச்சையை அழுத்தினார்.

ஏதோ ஒரு சுத்தக்காரன் உள்ளே வந்து உட்கார்ந்தான். வழக்கமான தேடல் பக்கம் காணாமல் போய், விளக்குமாறு படம் போட்ட, பெயர் தெரியாத ஒன்று வந்தது. விளம்பரங்கள் இன்னும் அதிகமாயின.

ஜெராக்ஸ் கடை தேவநாதனுக்குப் போன் போட்டார்.

“விளம்பரத்த தடுக்கறதுக்குன்னே ஒண்ணு இருக்குதுண்ணே, ஆட் பிளாக்கர். தேடிப் போட்டுக்கோங்க.”

அந்த விளக்குமாற்றுப் பக்கத்திலேயே தேடி, முதலில் வந்ததைப் போட்டுக்கொண்டார். முதலில் வந்ததே ஒரு விளம்பரம் என்பது அவருக்குத் தெரியாது. சிவப்புச் சேலைக்காரிக்கு இப்போது குரலும் வந்துவிட்டது.

“ஹலோ, தனியாவா இருக்கீங்க?” என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தாள்.

“இல்லடி, நானும் இருக்கறேன்!” என்று கத்தினாள் அக்னஸ். ஜெபமாலையைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் மேல் மாட்டினாள். அந்தப் பெண் அதற்கெல்லாம் அசையவில்லை.

சின்னப்பராஜுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. “ஒரு குறிய கைக்கு சிக்காம ஓட வெச்சிருக்கான் பாரு. யாரா இருக்கும்?”

வெனிலா டியூட்டி முடிந்து வந்தாள். ஒரு பார்வையிலேயே புரிந்துகொண்டாள்.

“இவ்வளவு சைட்டுக்கு யாருப்பா ‘அலவ்’ குடுத்தது?”

“அனுமதிப்பீங்களான்னு மரியாதையா கேக்கறாங்கம்மா. மூஞ்சில அடிச்ச மாதிரி எப்படி வேணாம்ங்கறது?”

“மொதல்ல எப்படி வந்துது இது?”

“ஜாக்கெட் டிசைன் இலவசம்னு போட்டிருந்தான். ‘டவுன்லோடு’ன்னு நாலஞ்சு பட்டன். இருக்கறதுலயே பெருச அழுத்தினேன்.”

“நெசமானது சின்னதா கீழ இருந்திருக்கும்” என்றாள் வெனிலா. செட்டிங்ஸுக்குள் போய், அப்பா தாராளமாகக் கொடுத்திருந்த அனுமதிகளை எல்லாம் பிடுங்கினாள். பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருந்த போலி பிளாக்கரைக் கழற்றினாள். சுத்தக்காரனைக் கம்ப்யூட்டரை விட்டே வெளியேற்றினாள். பழைய தேடல் பக்கத்தைத் திரும்ப வைத்து, கம்ப்யூட்டரோடு வந்த வைரஸ் சோதனையையும் ஓடவிட்டாள்.

“வைரஸ் இருக்குதுன்னு ஒரு விளம்பரம் பயமுறுத்தினா பொய்யின்னு அர்த்தம். அதுக்குள்ள எதையும் தொடாத. பிரவுசரையே மூடிடு.”

“அது சரிம்மா. அந்தக் குறி எப்படி ஓடுது?”

“ஓடற மாதிரி செய்யறதுக்குன்னே ஒருத்தர் உக்காந்து யோசிக்கறாருப்பா.”

“அதுக்கு சம்பளம் வேறயா?”

“நல்ல சம்பளம்.”

சின்னப்பராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவன ஒரு நாள் நேர்ல பாக்கணும்மா.”

“பாத்து?”

“மொதல்ல நல்லா நாலு வார்த்த கேக்கணும். அப்புறம் அத எப்படிடா செஞ்சேன்னு கேக்கணும்.”

சாயந்தரம் திரையில் திண்டிவனம் தெளிவாக வந்தது. நடுவில் அந்தோணி பிரபு, பக்கத்தில் அவன் அம்மா அற்புதமேரி. பின்னால் மேசை விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெனிலா பையனைப் பார்த்தாள். பையன் வெனிலாவைப் பார்த்தான். இரண்டு பேருமே பார்வையை எடுக்கவில்லை. அக்னஸ் மனதுக்குள் மாதாவுக்கு நன்றி சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

“நானும் பட்டன்காரன்தான் தம்பி” என்று ஆரம்பித்தார் சின்னப்பராஜ். “உங்க பட்டனுக்கு ரெண்டு ஓட்டையா, நாலு ஓட்டையா?”

பையன் விழித்தான். “ஓட்டை எதுவும் வராது அங்கிள்.”

“ஓ, அழுத்தறதா?”

“ஆமா அங்கிள், அழுத்தறதுதான்.”

“பிரஸ் பட்டன்! இப்ப அதான் ஃபேஷன்.” அவருக்குத் திருப்தி. பேச்சு சுவாரசியமாகட்டுமே என்று காலையில் பட்ட பேஜாரை எடுத்துவிட்டார். ஓடிய குறியைக் கையால் துரத்தியே காட்டினார். “அத செஞ்சவன் மட்டும் என் கையில கெடச்சான்னா, பட்டன் வெச்சு வாயத் தெச்சிடுவேன்!”

மாப்பிள்ளை அசையவில்லை. கண்ணும் இமைக்கவில்லை.

“ஐயோ, நெட்டு நின்னுடுச்சு போல” என்றாள் அக்னஸ்.

ஆனால் அவன் பின்னால் விசிறி நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வெனிலா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

அற்புதமேரி முகமெல்லாம் சிரிப்பாக, பளபளவென்ற ஒரு கேடயத்தைத் தூக்கித் திரைக்கு முன்னால் நீட்டினாள்.

“நெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்குது சம்பந்தி! அந்த ஓடற பட்டனுக்குத்தான் எங்க பிரபுவுக்கு கம்பெனியில இத குடுத்தாங்க!”